கடைத்தட்டும் ஒரு விளைநிலமே!

(மூன்றாமாண்டு, இளநிலை வணிகவியல்)

உழவருக்கு நிலம் முதல். நெசவாளருக்குத் தறி முதல். மளிகைக் கடைக்காரருக்கு எது முதல்? "பணம்" என்று நம்மில் பலர் உடனே விடை சொல்லிவிடுவோம். "சரக்கு" என்பார் சிலர். நான் "தட்டு" என்பேன். பணம் கடனாகக் கிடைக்கும். சரக்கு தவணையில் கிடைக்கும். ஆனால் கடைச் சுவரில் இருக்கின்ற தட்டை ஓரடி கூட்டித் தருவார் எவருமிலர். நான்கு சுவருக்குள் அடங்கிய அந்த இடத்தை எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதில்தான் ஒரு சிறு கடையின் வாழ்வும் தாழ்வும் இருக்கின்றன என்பது என் கருத்து.

இதனை நான் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பெரம்பலூர்க் கடைவீதியில் என் தந்தையார் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அகலம் 10 அடி, நீளம் 18 அடி. துவரம் பருப்பு மூட்டைக்கும் வெல்ல மண்டைக்கும் நடுவே வளர்ந்தவள் நான். அங்கிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்தில் வந்து அரியலூரில் வணிகவியல் படிக்கிறேன்.

நான் இரண்டாமாண்டு படிக்கும்போது எங்கள் கடைக்குச் சற்றுத் தள்ளிக் குளிரூட்டப்பட்ட பல்பொருள் அங்காடி ஒன்று திறந்தார்கள். மாதச் சாமான் பட்டியலோடு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஓர் இரவு கல்லாவை எண்ணி முடித்த அப்பா, "இந்தக் கடை என்னோட போகட்டும் பாப்பா. நீ பரீட்சை எழுதி வேலைக்குப் போயிடு" என்றார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

தட்டு பேசத் தொடங்கிய கதை

பழைய கடையில் தட்டு வாய் திறப்பதில்லை. வாங்க வருகிறவர் கேட்பார். கடைக்காரர் எடுத்துத் தருவார். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து இந்த முறையை மாற்றினார். மக்கள் கூடையை எடுத்துக்கொண்டு தாமே உள்ளே நடந்து, வேண்டியதைத் தாமே எடுத்து, வாயிலில் பணம் கட்டினர். அன்று முதல் விற்பனையாளரின் வேலையைத் தட்டு ஏற்றுக்கொண்டது. எந்தப் பொருள் கண்ணில் படுகிறதோ அது பேசுகிறது, மறைந்திருப்பது ஊமையாகிறது.

நம் தமிழகத்துக்கும் ஒரு பெருமை உண்டு. 1904ஆம் ஆண்டிலேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, நுகர்வோரே நடத்தும் கடை எப்படியிருக்கும் என்று நாட்டுக்குக் காட்டியது. 1966இல் தில்லியில் சூப்பர் பஜார் வந்தது. 1996இல் சென்னையில் 'ஃபுட்வேர்ல்டு' கடைகள் தொடங்கின. பெருநகரத்தில் தொடங்கிய அந்த முறை மாவட்டத் தலைநகரங்களையும் எட்டி, இன்று எங்கள் கடைவீதிக்கும் வந்து நிற்கிறது.

பெரிய அங்காடியைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் கணக்கு இருக்கிறது. எங்கள் கடையில் இல்லை. வேறுபாடு குளிர்சாதனப் பெட்டியில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பதே நான் கண்டது.

பொட்டலத்து லாபமும் தட்டடி லாபமும்

எங்கள் பகுதி உழவரிடம் "பருத்தி எப்படி?" என்று கேட்டால் ஒரு செடியில் எத்தனை காய் என்று சொல்லமாட்டார். ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்பார். நிலத்தை அளவாக வைத்தே அவர் விளைச்சலைப் பேசுகிறார். கடைக்காரரோ பொட்டலத்துக்கு எவ்வளவு நிற்கும் என்றுதான் பார்க்கிறார். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஓரடித் தட்டில் சத்துமாவுப் புட்டிகளை அடுக்கியிருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு புட்டிக்கு 30 ரூபாய் லாபம். மாதத்தில் 4 புட்டி விற்கிறது. அந்த ஓரடி தருவது 120 ரூபாய். அதே ஓரடியில் சாம்பார்ப் பொடிப் பொட்டலங்களை வைக்கிறோம். ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்தான் லாபம். ஆனால் மாதத்தில் 160 விற்கிறது. அந்த ஓரடி தருவது 240 ரூபாய். 30 ரூபாய் லாபம் கண்ணைக் கவருகிறது. ஒன்றரை ரூபாய் லாபம் வீட்டைக் காக்கிறது. ஆகவே லாபத்தை ஓட்டத்தால் பெருக்கி, அது பிடித்திருக்கும் அடியால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதுவே முதல் பாடம்.

"அப்படியானால் சாம்பார்ப் பொடிக்கே இரண்டடி கொடுத்துவிடலாமே" என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. தட்டை அகலப்படுத்தினால் விற்பனை அதே அளவில் கூடுவதில்லை. 1972இல் ரொனால்டு கர்ஹான் என்ற அமெரிக்க ஆய்வாளர், இடத்துக்கும் விற்பனைக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது என்று கண்டார். அதன் பின் பலரும் செய்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த மார்ட்டின் ஐசென்ட் என்பவர், தட்டிடத்தை 100 விழுக்காடு என்றில்லாமல் சிறிது சிறிதாகக் கூட்டும்போது, 10 விழுக்காட்டு இடத்துக்குச் சராசரியாக 1.7 விழுக்காடே விற்பனை கூடுகிறது என்று 2014இல் வெளியிட்டார். இந்தக் கணக்குப்படி இடத்தை இரட்டிப்பாக்கினால் விற்பனை ஏறத்தாழ 12 விழுக்காடு கூடும். அதாவது, இரண்டாவது அடி சாம்பார்ப் பொடிக்குக் கூடுதலாகத் தருவது 30 ரூபாய் அளவே. அந்த அடியைச் சத்துமாவுக்கே விட்டிருந்தால் 120 ரூபாய்! ஆக, ஒரு பொருளுக்கு முதல் அடி பொன். இரண்டாம் அடி வெள்ளி. மூன்றாம் அடி வெறும் பலகை.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. அடுத்த முறை திருச்சியிலிருந்து சரக்கு வந்து இறங்கும்வரை தீர்ந்துபோகாத அளவுக்காவது இடம் வேண்டும். அதற்குக் குறைந்தால், கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போவார்.

இலவசமாக வந்த அலமாரி

எங்கள் கடை முகப்பில் கண்ணுக்கு நேராக நான்கடி அகலத்தில் வண்ண அலமாரி ஒன்று நின்றது. ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் இலவசமாகக் கொண்டுவந்து வைத்தது. "அண்ணே, உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. நம்ம சரக்கை மட்டும் அதில் அடுக்குங்க" என்று சொல்லி, தீபாவளிக்கு ஓர் அன்பளிப்பும் தந்து போனார். அப்பாவுக்கு அதில் பெருமைதான். கடை எடுப்பாக இருக்கிறதே!

கோடை விடுமுறையில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டுகளுக்கு எண் போட்டேன். ஒவ்வோர் அடியிலிருந்தும் என்ன போயிற்று, என்ன நின்றது என்று ஒரு மாதம் எழுதினேன். முடிவு என்ன தெரியுமா? கடையிலேயே மிக உயர்ந்த இடத்தைப் பிடித்திருந்த அந்த அலமாரி, வருமானத்தில் கீழ்த்தட்டு வெல்லத்துக்கும் பின்னால் நின்றது. காலக்கெடு முடிந்து ஒதுக்கிவைத்த பெட்டியைப் பிரித்தால் பாதி அந்த அலமாரிச் சரக்கு.

அலமாரி இலவசம், அது நின்ற நான்கடி இலவசமா? ஊர் நடுவே உள்ள நன்செயை ஒருவர் வேலி மட்டும் போட்டுத் தந்துவிட்டு இலவசமாக உழுதுகொண்டு போனால் நாம் விடுவோமா? பெரிய அங்காடிகள் கண்ணுக்கு நேரான தட்டுக்கு நிறுவனங்களிடம் கட்டணம் பேசி வாங்குகின்றன. சிறு கடைக்காரர் ஒரு நாட்காட்டிக்கும் ஒரு தகர அலமாரிக்கும் அதே இடத்தைத் தானம் செய்கிறார். இதைவிடப் பெரிய அறியாமை வேறில்லை என்று துணிந்து சொல்வேன்.

கண்ணுக்கு எட்டுவதும் கைக்கு எட்டுவதும்

சிகாகோ நகரக் கடைகளில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பொருளை எத்தனை வரிசை அடுக்குகிறோம் என்பதைவிட எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதே விற்பனையை மிகுதியாக மாற்றுகிறது என்று காட்டியது. கண்மட்டத்துத் தட்டே ராஜாத் தட்டு.

ஆனால் அந்தப் பாடத்தை நம் கடைக்கு அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. அங்கே பார்ப்பவரும் எடுப்பவரும் ஒருவரே. நம் மளிகைக் கடையில் பார்ப்பவர் மேசைக்கு அப்புறம் நிற்கிறார்; எடுப்பவர் இப்புறம் நிற்கிறார். ஆகையால் நமக்கு இரண்டு மட்டங்கள். கேட்டு வாங்கும் பொருள்களான பருப்பு, சர்க்கரை, உப்பு, எண்ணெய் ஆகியவை கடைக்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். அவை கண்ணில் பட வேண்டியதில்லை. பார்த்தபின் ஆசைப்பட்டு வாங்கும் பொருள்கள் வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். எங்கள் கடையில் இது தலைகீழாக இருந்தது. நாளைக்கு நாற்பது முறை எடுக்கும் உளுத்தம் பருப்பு பின்சுவரில். அதற்காக அப்பா நடந்த நடையைச் சேர்த்தால் சிறுவாச்சூர் கோயிலுக்கு நடந்துவிடலாம்!

தமிழகத்துச் சிறு கடை இந்த இடநெருக்கடிக்குத் தானே கண்ட ஒரு விடையும் உண்டு. அதுதான் சரம். நம் அண்டை மாவட்டமான கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழிலில் 'சிக்' ஷாம்பு உறை சிற்றூர்தோறும் பரவியது. ஏழைக்கு ஒருவேளைக் குளியலுக்குப் போதுமான விலை என்று இதை எல்லாரும் புகழ்வர். நான் இன்னொன்றையும் சொல்வேன்: அந்த உறைக்குத் தட்டே வேண்டியதில்லை! உத்தரத்தில் ஒரு கயிறு போதும். பயனற்றுக் கிடந்த ஆகாயம் கடைக்காரருக்கு விளைநிலமாயிற்று. பெட்டிக்கடையில் சரம் சரமாய்த் தொங்குவதைக் காணும்போதெல்லாம் இதனை எண்ணி வியப்பேன். அந்த உறைகள் சாக்கடையை அடைப்பது தனிக் கதை.

நான் செய்த தவறு

இதுவரை வெற்றிக் கதையாகவே எழுதிவிட்டேன். இனி என் தோல்வியைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது.

கணக்கு கையில் வந்ததும் எனக்குக் கர்வம் வந்துவிட்டது. எந்த அடி குறைவாகத் தருகிறதோ அதை ஒழித்துவிடுவது என்று முடிவு கட்டினேன். பட்டியலின் அடியில் நின்றவை நாட்டு மருந்துச் சாமான்கள். சித்தரத்தை, கடுக்காய், திப்பிலி, வசம்பு அடைத்த பழைய டப்பா வரிசை. மாதத்துக்குச் சில ரூபாய்கூடத் தேறவில்லை. எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நொறுக்குத் தீனிப் பொட்டலங்களை அடுக்கினேன். அம்மா உட்காரும் முக்காலியையும் நகர்த்திவிட்டு அங்கே குளிர்பானப் பெட்டிகளை வைத்தேன்.

பத்து நாள் கழித்துக் குன்னம் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். பேத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பிரசவ மருந்துச் சாமான் வேண்டும். கையில் நீளமான பட்டியல். முதலில் பேர் சொல்லா மருந்து, பிறகு சுக்கு, திப்பிலி, அதன்பின் வீட்டுக்கு வேண்டிய அரிசி பருப்பு எல்லாம். "வசம்பு இல்லையே ஆயா" என்றேன். "வசம்பு இல்லாத மளிகைக் கடை என்ன கடை ஆத்தா?" என்று சொல்லி, பட்டியலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார். அவரோடு அரிசியும் பருப்பும் எண்ணெயும் நடந்துபோயின.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நோட்டுல வித்ததத்தான் எழுதுன பாப்பா. விக்காமப் போனத எழுதுனியா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாண்டு வணிகவியலில் நான் கேட்ட கேள்விகளில் அதற்கு நிகரான கேள்வி இல்லை.

வசம்பு தன் அடிக்கு லாபம் ஈட்டாது. ஆனால் அது ஆளைக் கடைக்கு அழைத்து வருகிறது. அந்த ஆள் வாங்கும் கூடை முழுவதிலும் வசம்புக்குப் பங்கு உண்டு. வயலில் வரப்பு விளைவதில்லை. அதற்காக வரப்பை வெட்டி எறிந்தால் தண்ணீர் நிற்குமா? பொருளைத் தனித்தனியே எடைபோட்ட என் கணக்கு, மனிதரை எடைபோட மறந்துவிட்டது.

முக்காலியின் கதையும் அப்படியே. அன்று மாலையே அப்பா குளிர்பானப் பெட்டிகளை அகற்றி முக்காலியை அதே இடத்தில் போட்டார். நாள் முழுதும் நின்று உழைக்கும் கடைப் பணியாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அதற்கெனச் சட்டமே இயற்ற வேண்டிவந்த செய்தியை வகுப்பில் கேட்டு வருந்தியவள் நான். என் தாயின் இருக்கையை நகர்த்தியவளும் நானே. உழைப்பவர் உட்காரும் ஓரடி, எந்தக் கணக்கிலும் வகுபடாத அடி.

ஊருக்கு ஒரு தட்டு

பெரிய அங்காடியின் தட்டுப் படம் எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் வரையப்படுகிறது. அதனால் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். பெரம்பலூரும் அரியலூரும் ஒன்றா? 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். 2007 முதல் அரியலூர் தனி மாவட்டம். கூப்பிடு தூரந்தான். ஆனால் கையில் பணம் வரும் நாள் வேறு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள்; அரசு ஆலை 1979இலேயே வந்துவிட்டது. மாதச் சம்பளக்காரர் முதல் வாரத்தில் பட்டியலோடு வருவார்; அவருக்கு ஐந்து கிலோப் பை வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். கூலி வாங்கியவர் அன்றன்றைக்கு நூறு கிராம் வாங்குவார். பருத்தி விற்ற வாரத்தில் மொத்தமாக வாங்குவார். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகமும் பேனாவும், மார்கழியில் கோலப்பொடியும், பொங்கலுக்கு வெல்லமும் முன்வரிசைக்கு வர வேண்டும். இதை அறிந்தவர் ஊர்க் கடைக்காரர். அவருக்குக் குறைந்தது அறிவு அன்று. எழுதிவைக்கும் பழக்கம் ஒன்றே.

செட்டிகுளம் பக்கத்து உழவர் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காப்பதைப் பாருங்கள். தரையில் குவித்தால் நிறையக் கொள்ளும், ஆனால் அழுகிவிடும். ஆகவே தரைக்கு மேலே தூக்கி, காற்றுக்கு வழிவிட்டு அடுக்குகிறார். இடத்தை நிரப்புவது வேறு, இடத்தைப் பயன்படுத்துவது வேறு என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

முடிவுரை

என் முடிபுகள் மூன்று. கடைக்காரர் தம் தட்டுக்கு எண் போட்டு, ஆண்டில் ஒரு மாதமேனும் அடிக்கணக்கு எழுத வேண்டும். வந்து கேட்டு இல்லையென்று திரும்பியவற்றையும் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். இலவசம் என்று வரும் எந்த அலமாரிக்கும் இடத்தின் வாடகையைக் கேட்க வேண்டும். லாபக் கணக்கைத் தொடங்குமுன் மூன்றுக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும்: ஏழைக்கு நூறு கிராம் பொட்டலம், ஊரின் விளைபொருள், உழைப்பவரின் இருக்கை. எஞ்சியதை எண்கள் பங்கிடட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டில் நாங்கள் எழுதும் திட்டக் கட்டுரைகளில் பல, முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதியவை என்பது தாங்கள் அறியாததன்று. அதற்கு மாறாக, மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கடை ஒன்றில் ஒரு மாதம் உட்கார்ந்து தட்டை அளந்து வந்தால் என்ன? கடைக்கும் பயன், கல்விக்கும் பயன்.

எங்கள் கடை அங்காடியை வென்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காலக்கெடு முடிந்த சரக்குப் பெட்டி சிறுத்திருக்கிறது. போன வாடிக்கைக்காரரில் சிலர் திரும்பியிருக்கிறார்கள். வசம்பு டப்பா பரணிலிருந்து இறங்கிவிட்டது. நான் போட்டித் தேர்வுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆனால் அப்பா இப்போதெல்லாம் இரவில் கல்லாவை எண்ணியதும் கடை போகட்டும் என்று சொல்வதில்லை. நோட்டை என் பக்கம் தள்ளி, "அந்த மூணாவது தட்டு என்ன சொல்லுது, பாரு" என்கிறார்.